சுவரை ஒட்டி ஓர் ஊஃபர்

"செவுத்தை ஒட்டி வைப்பா. இன்னும் ஒட்டி. செவுரு அதிரணும்."

ஞானமேரி அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்று உத்தரவு போட, அரிபிரசாத் மேள அடியை அதிரவைக்கும் ஊஃபர் ஸ்பீக்கர் பெட்டியைக் கையில் ஏந்தியபடி முழித்தான். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்த நாளிலிருந்து எத்தனையோ வீடுகளில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறான். சத்தத்தைக் குறைக்க வழி கேட்டவர்கள் உண்டு. சுவரை ஆட்டிக் கொடு என்று கேட்டவர், கிளியனூரில் இந்த அம்மாள் ஒருவர்தான்.

"மேசைக்கு அடியில வெச்சா ரூம் பூரா நல்லா கேக்கும்மா. செவுத்துல முட்டு குடுத்து வெச்சா சத்தமெல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயிடும்."

"அதான் வேணும். வை."

"பக்கத்து வீட்ல யாரும்மா?"

"என் ஓரகத்தி செசிலி. பாகம் பிரிச்சப்ப இந்தச் செவுரு வெச்சதுல சண்டை. அதுலேர்ந்து பேச்சு கிடையாது. அவ கட்டிலு இதுக்கு அந்தாண்டதான் கெடக்குது. தலைமாடு சரியா இங்க." ஞானமேரி சுவரில் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"பாவம், அவங்க தூக்கம் கெட்டுடுமேம்மா?"

"கெடட்டும். எத்தினி நாளைக்குத்தான் படுத்துக்கினே கெடப்பா?"

அரிபிரசாத்துக்குப் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பிரம்மதேசத்தில் ஒரு வீட்டுக்காரர் சொன்னார் என்று, பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துக் கேமரா மாட்டியவன் அவன். அடித்துக்கொண்டவர்கள் அவர்கள். சாட்சி சொல்ல விழுப்புரம் கோர்ட்டுக்கு அலைவது இவன். 'இன்னொரு தடவை ஊர்ச் சண்டைக்கு ஒயர் இழுத்துட்டு வா, வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டேன்' என்று மனைவி ஷாலினி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

வேறு வழியில்லாமல், ஞானமேரியின் மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் ஒயர்களை மாட்டினான். ஊஃபரோடு சேர்ந்து வந்த சின்ன ஸ்பீக்கர் இரண்டும் ஊமையாக நின்றன. பெட்டியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் மட்டும் வந்தது.

"என்னப்பா, வண்டு மாதிரி ரீங்காரம் போடுது?"

"மைக் ஓட்டையில சொருகிட்டேம்மா. பச்சை ஓட்டையில போடணும்."

மாற்றிச் சொருகி ஒரு சினிமாக் குத்துப்பாட்டைத் தட்டினான். 'தும் தும்' என்று கிளம்பியது அடி. அலமாரியில் இருந்த டம்ளர்கள் கிணுகிணுத்தன.

ஞானமேரி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஆங்! இப்படித்தான். ஆனா இந்தக் கண்றாவி வேணாம். மாதா பாட்டு போடு. மேளம் தூக்கலா இருக்கணும்."

பலே கைகாரி என்று அரிபிரசாத் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். சினிமாப் பாட்டென்றால் செசிலி போலீசுக்குப் போகலாம். மாதா பாட்டை நிறுத்து என்று யாரால் கேட்க முடியும்? மேளம் தூக்கலான ஒரு மாதா பாட்டைத் தேடிப் போட்டான்.

"இரு, டீ போட்டுக்கினு வர்றேன்" என்று அவர் உள்ளே போனதும், இவன் தன் வேலையைக் காட்டினான். அடியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பெட்டியின் பின்பக்கம் இருந்தது. அதை ஓசைப்படாமல் அடிமட்டத்துக்குத் திருப்பிவிட்டு, இரண்டு குடும்பங்களின் மண்டையைக் காப்பாற்றிய நிம்மதியோடு நாற்காலியில் சாய்ந்தான்.

டீயோடு வந்தவர் மறுபடி சுவரில் கை வைத்தார். "எங்கப்பா? அடங்கிப் போச்சே?"

"அவ்ளோதாம்மா இதோட தெம்பு."

"இப்பதானே அந்தக் குதி குதிச்சுது?"

"அது... புதுசுல அப்படித்தாம்மா குதிக்கும். அப்புறம் அடங்கிடும்."

ஞானமேரியின் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் திட்டியிருந்தால்கூட அரிபிரசாத்துக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

"அப்ப கழட்டி எடுத்துக்கினு போயிடு தம்பி. செவுத்தைத் தாண்டிப் போகாத பாட்டு எதுக்கு? நான் கேக்கறதுக்கா வாங்கினேன்?" என்றார்.

வம்புக்கு இப்படியும் ஒருத்தர் ஏங்குவாரா என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் பிரித்த பெட்டியை அப்புறம் கடையில் யார் வாங்குவார்கள்? கோர்ட்டா, நஷ்டமா என்று கொஞ்ச நேரம் தவித்தான். கடைசியில் வியாபாரம்தான் ஜெயித்தது.

"ஒயரு லூசா இருக்குது போலம்மா" என்று குனிந்து, குமிழை ஒரே திருப்பாக முழுசும் திருப்பினான்.

தும்! தும்! தும்! சுவரில் காலண்டர் ஆடியது. ஞானமேரி கண்ணை மூடிக்கொண்டு சுவரில் காதை வைத்தார்.

அந்தப் பக்கமிருந்து யாரோ 'டொக் டொக்' என்று சுவரைத் தட்டினார்கள்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது! அரிபிரசாத் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "நான் வர்றேம்மா. யாராவது கேட்டா, நான் இந்தப் பக்கமே வரல."

"உஷ்! இருப்பா."

தட்டல் நிற்கவில்லை. பாட்டின் தாளத்துக்குச் சரியாக விழுந்தது. கூடவே சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல் கரகரப்பாகத் தொடங்கி, மெல்லத் தெளிந்து, பாட ஆரம்பித்தது.

ஞானமேரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க கோயில் பாட்டுக் குழுவுல முதல் குரல் அவதான் தம்பி. இடுப்பு ஒடிஞ்சு படுத்ததுலேர்ந்து வாயே திறக்கலன்னு சொன்னாங்க. தாளம் காதுல விழுந்தா அவளால பாடாம இருக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். எங்களுக்குள்ள பேச்சுதானே கிடையாது? பாட்டுக்கு என்ன?"