ஒரே சேலைத் துணி

வீட்டுக்காரி ஒருத்தி பழைய நூல் சேலையைப் பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாள். வலது கையில் வந்த பாதியைப் பிள்ளைக்கு உத்தரத்தில் தூளியாகக் கட்டினாள். இடது கையில் வந்தது அடுப்படியில் சுடுசட்டி இறக்கும் கரித்துணி ஆனது.

ஒருநாள் இரண்டும் கொடியில் காய்ந்தன.

"பிள்ளையைத் தாங்கணும்னே பிறந்தவ நான். சூடு தாங்குறது உனக்குப் பிறவிக் குணம், அக்கா. எல்லாருக்கும் வருமா அது?" என்றது தூளி.

கரித்துணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன் உடம்பெல்லாம் கருகிய ஓட்டை.

"சுடுதான்னு ஒருநாளாவது என்னைக் கேட்டியாடி?"

"சுட்டிருந்தா கத்தியிருக்க மாட்டியா?" என்று தூளி சிரித்தது.

அந்த நேரம் உள்ளே பால் பொங்கியது. வீட்டுக்காரி பதறி ஓடிவந்து, கைக்கு அகப்பட்ட தூளியை உருவிக்கொண்டு போனாள்.

"ஐயோ, சுடுதே! நான் தூளி! அக்கா, நீயாவது சொல்லேன்!"

நல்லா வேணும் என்று கரித்துணி வாயை மூடிக்கொண்டது.

பாலை இறக்கிய வீட்டுக்காரி தூளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிள்ளைதான் நடக்க ஆரம்பிச்சிட்டானே. இது என்னமாச் சூடு தாங்குது!" என்று அதை அடுப்போரத்து ஆணியில் மாட்டினாள்.

சிரிக்கக் காத்திருந்த கரித்துணிக்கு, தூளி தன்னிடம் சொன்ன அதே பேச்சை வீட்டுக்காரி வாயில் கேட்டதும் முன்னைவிட ஆத்திரம் வந்தது.