தோண்ட வேண்டாம் என்றவர்

“எனத்துக்கு அண்ணன் தோண்டுற? புல்லுத் தண்டப் பிச்சி ஊனிட்டா தானாப் படரும்.”

பக்கத்து வீட்டு ரிஸ்கான் இதையே நேற்றும் சொல்லியிருந்தார்.

தயாபரனின் கணக்கு வேறு. தோண்டாதே என்று ஒருவன் கெஞ்சினால் அங்கேதான் தோண்ட வேண்டும்.

கொழும்பில், வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை அது. இரண்டு வீடுகளின் பின்வளவுகளையும் பிரித்து நின்ற பழைய மதில் மழையில் சரிந்துவிட்டது. இடிபாடுகளை அள்ளியபின் மிஞ்சியது மதில் நின்ற தடம் மட்டும்.

அந்த மதிலே தங்கள் பக்கம் தள்ளிக் கட்டப்பட்டது என்று தயாபரனின் மாமனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையான எல்லைக் கல் ரிஸ்கானின் பக்கம் மண்ணுக்குள் கிடக்கிறதாம்.

மதில் வேண்டாம், இரண்டு வளவுக்கும் சேர்த்து ஒரே புல்தரையாகப் போடுவோம் என்று ஆரம்பித்தது ரிஸ்கான்தான்.

விதையை இருவருமே ஒதுக்கினார்கள். மைனா பொறுக்கியது போக மிச்சத்தை மழை கொண்டுபோய்விடும்.

தண்டு என்றால் தோண்ட வேண்டியதில்லை. துளை போட்டுச் செருகிவிட்டால் போதும். தெஹிவளையில் தங்கை வீட்டிலிருந்து ஒரு சாக்கு நிறையத் தண்டு கொண்டுவந்து வைத்திருந்தார் ரிஸ்கான். காசு வேண்டாமாம்.

காசு வேண்டாம் என்பவனைக் கண்டால்தான் தயாபரனுக்குப் பயம்.

படரும் புல்லுக்கு எல்லை தெரியாது. இன்று புல் வரும். நாளை உட்காரக் கதிரை வரும். அடுத்த வருஷம் தகரக் கொட்டில் வரும். வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் நிலம் என்ன விலை போகிறது என்று தெருவில் பாண் விற்க வருபவருக்கும் தெரியும்.

ஆகவே அவர் புல்விரிப்பைத் தேர்ந்தெடுத்தார். பாய் போலச் சுருட்டி லொறியில் வரும் புல். விலை கூட. ஆனால் விரிக்குமுன் வளவு முழுவதையும் ஆழமாகக் கொத்தி, கல் பொறுக்கி, மட்டம் போட வேண்டும்.

அவருக்கு வேண்டியது புல் இல்லை. கல்.

“உங்களுக்கு ஒருத்தரையும் நம்பேலாது” என்றாள் மனைவி துஷ்யந்தி, தேத்தண்ணியை நீட்டியபடி. “பால்காரன் சிரிச்சாலும் தண்ணி கலந்திட்டான் எண்டுவியள்.”

“கலந்தவன்தானே சிரிப்பான்.”

அவளுக்கு என்ன தெரியும்? மழை விட்ட ஒரு காலையில் ரிஸ்கான் மண்வெட்டியோடு பின்வளவில் நின்றதை அவள் பார்க்கவில்லை. மண்ணை இழுத்துப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். தயாபரனைக் கண்டதும் சிரித்தான்.

கல்லை நகர்த்துகிறானோ?

இந்த மாதம் வீடு மகள் சுபாஷினியின் பெயருக்கு எழுதப்படுகிறது. அவளுக்கென்று மதிலோடு ஒட்டிப் புதிதாக ஓர் அறையும் கட்டியாகிவிட்டது. ஒரு சாண் நிலத்தைக்கூட விட்டுக்கொடுத்து எழுத அவர் தயாரில்லை.

தயாபரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். புல் போட வந்த சந்திரகுமாரிடம், ரிஸ்கானின் பக்கமிருந்தே கொத்தச் சொன்னார்.

ரிஸ்கான் தடுக்கவில்லை. தானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அந்தப் பக்கம் முழுவதும் கொத்தியாயிற்று. ஓட்டுத் துண்டுகள், ஒரு பழைய செருப்பு. வேறொன்றும் இல்லை.

மண்வெட்டி மதில் தடத்தைத் தாண்டித் தயாபரனின் பக்கம் வந்தபோதுதான் ரிஸ்கான் நிமிர்ந்தார்.

“இங்கால மண் நல்லா ஈக்கி அண்ணன். தோண்டத் தேவல்ல.”

மறுபடியும்.

“கொத்தும்” என்றார் தயாபரன்.

சந்திரகுமாரின் மண்வெட்டியில் ணங்கென்று ஒரு சத்தம்.

“ஐயா, கல்லு ஒண்ணு இருக்குங்க. மேல சிலுவை மாதிரி வெட்டியிருக்கு.”

எல்லைக் கல்லேதான். தயாபரனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். அவருடைய துணிக்கொடிக்குக் கீழே நின்றார்.

கல்லிலிருந்து ஒழுங்கையோரத்தில் தெரியும் மற்ற எல்லைக் கல்வரை மனதுக்குள் ஒரு கோடு இழுத்தார். கோடு சுபாஷினியின் அறைக்கு நடுவால் போனது. அறையில் பாதி ரிஸ்கானின் நிலத்தில் நின்றது.

ரிஸ்கான் ஒரு புல்விரிப்பைத் தூக்கிவந்து கல்லின் மேல் விரித்தார். காலால் மிதித்து அமுக்கினார்.

“எப்ப தொடக்கம் தெரியும்?” என்றார் தயாபரன்.

“அறைக்கு அத்திவாரம் வெட்டக்குள்ளயே.”

ஏன் அப்போதே சொல்லவில்லை? இப்போது ஏன் மூடுகிறான்? பதிலுக்கு என்ன கேட்கப் போகிறான்? தயாபரன் அந்த முகத்தில் தேடினார். வியர்வைதான் இருந்தது.

வாசல் மணி அடித்தது.

துஷ்யந்தி கூட்டிவந்தவர் கையில் முக்காலியும் கருவிப் பெட்டியும் இருந்தன. நில அளவையாளர். கல் வெளியே வந்த கையோடு, சாட்சி வைத்து அளப்பதற்காகத் தயாபரன் யாருக்கும் சொல்லாமல் வரவழைத்தவர்.

“எல்லைக் கல் கிடைச்சதோ?”

சந்திரகுமார் மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை வழிக்கத் தொடங்கினார்.

“கல்லொண்டும் இல்ல சேர்” என்றார் ரிஸ்கான். மிதித்த காலை அவர் எடுக்கவில்லை.

நில அளவையாளர் தயாபரனைப் பார்த்தார். துஷ்யந்தியும் பார்த்தாள்.

“தம்பி” என்றார் தயாபரன். “ஒருக்காக் காலை எடும்.”

குனிந்து நுனியைப் பிடித்தார். வேர் பிடிக்காத புல், இழுத்ததும் பாய் போலச் சுருண்டு வந்தது.