துரை சாப்பிட்டாச்சா?

“சாப்பிடுங்க துரை. ஒரே ஒரு வாய். எனக்காக.”

கண்ணாடிக்கடைக்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வேகவைத்த கோழித் துண்டை நாயின் மூக்குக்கு நேரே நீட்டினார். நாய் துண்டைப் பார்க்கவில்லை. அவருடைய வாயைப் பார்த்தது.

காப்பகத்திலிருந்து அதை எடுத்து வந்து மூன்று நாளாகிறது. தண்ணீர் குடிக்கிறது, வாலாட்டுகிறது, கடைக்கு வருகிறவர்களின் செருப்பை எல்லாம் மோந்து பார்க்கிறது. தட்டை வைத்தால் மட்டும் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஒரு பருக்கையைக்கூடத் தொடாது. பால், முட்டை, ஈரல் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. “துரைக்கு நம்ம வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையாக்கும்?” என்று முதல் நாள் அவர் கேலியாகக் கேட்டது பெயராகவே ஒட்டிக்கொண்டது.

கடைக்காரருக்குத் தெருவில் நல்ல பெயர். கண் பரிசோதனைக்கு வரும் பொடிசுகளிடம்கூட, “இந்த எழுத்து தெரியுதாங்க?” என்றுதான் கேட்பார். நாக்கில் தேன் தடவிக்கொண்டு பிறந்த மனுஷன் என்பார்கள். நாயை எடுத்ததே, பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் வேண்டும் என்றுதான்.

வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. ஆனாலும் நாய்க்குப் படுக்கை, தட்டு எல்லாம் கடையில்தான். இடைக்கதவைத் தாண்டி நாய் வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். மனைவி ஈரலை வேகவைத்துக் கதவிடுக்கு வழியாக நீட்டுவார். இவர் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார்.

இன்றைக்குக் கெடு. உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். “இன்னைக்கும் சாப்பிடலைன்னா கூட்டிட்டுப் போய் டிரிப்ஸ் ஏத்தணும் சார். அப்புறம் உங்ககிட்ட திருப்பித் தர மாட்டாங்க,” என்று காப்பகத்துப் பெண் போனில் சொல்லியிருந்தாள். சொன்னபடி மத்தியானம் வந்தும்விட்டாள், கையில் சங்கிலியோடு. தெருவே வேடிக்கை பார்க்குமே என்று கடையை இழுத்து மூடிவிட்டு, நாயையும் தட்டையும் முதல் முறையாக வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்திருந்தார்.

“ஏன் சார் இது உங்க வாயையே பாக்குது?” என்றாள் அவள்.

“அதான் எனக்கும் புரியலைங்க.”

அவள் நாயையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “இப்படி ஒண்ணு ரெண்டு பாத்திருக்கேன். முன்னாடி வளத்தவங்க, தட்டை வெச்சதும் ஏதோ ஒரு வார்த்தை சொல்லியே பழக்கியிருப்பாங்க. அது காதுல விழாம வாய் வைக்காது.”

“அவங்களையே கேட்டுட்டா?”

“எங்க வாசல் கேட்டுல கட்டிப் போட்டுட்டு ஓடிப்போனவங்க சார். எங்க போய்த் தேடறது? நாமதான் கண்டுபிடிக்கணும்.”

கடைக்காரருக்கு உயிர் வந்தது. “சாப்பிடு” என்றார். “சாப்பிடுங்க” என்றார். “மம்மு” என்றார். “ஆ காட்டு”, “எடுத்துக்கோ”, “ரெடி”, “ஓகே”, “என் கண்ணு”, “என் தங்கம்” என்று தெரிந்த கொஞ்சலை எல்லாம் கொட்டித் தீர்த்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நாய் காதைத் தூக்கியது. இது இல்லை என்று தெரிந்ததும் மடக்கிக்கொண்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“எப்பேர்ப்பட்ட பாவிங்க! வாயில்லா ஜீவனை ஒரு வார்த்தைக்கு ஏங்க வெச்சுட்டுப் போயிட்டாங்களே. இவங்கல்லாம் மனுஷங்களா?”

“உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க அது குடுத்து வெச்சிருக்கணும் சார். என்ன பண்றது?” அவள் சங்கிலியை மாட்டக் குனிந்தாள்.

“அஞ்சே நிமிஷம்மா. கடைசியா ஒரு தடவை.” பழைய துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, சூடாகப் புதுத் துண்டுகளைத் தட்டில் வைத்தார். நாய் அவர் வாயைப் பார்த்தது. அவர் நாயின் கண்ணைப் பார்த்தார்.

சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றார். கையில் தன்னுடைய தட்டு, காலியாக.

“ஏங்க, மணி மூணாகப்போகுது. நீங்க வர நேரமாகும்னா... நான் சாப்பிட்டுக்கட்டுமா?”

அவர் தலையைத் திருப்பவில்லை.

“கொட்டிக்கோ.”

நாய் சட்டென்று எழுந்து தட்டில் முகத்தைப் புதைத்தது. மூன்று நாள் பசி. தட்டு தரையில் தடதடவென்று நகர, அதன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து தின்றது.

“சாப்பிடுது! துரை சாப்பிடுது!” கடைக்காரர் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினார்.

காப்பகத்துப் பெண் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். “கண்டுபிடிச்சுட்டீங்க சார்! என்ன சொன்னீங்க? குறிச்சுக்கறேன்.”

“நானா? நான் ஒண்ணும் சொல்லலையே!” அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். “துரைகிட்ட நான் இப்ப பேசவே இல்லையேம்மா.”

பெண்ணின் பேனா நோட்டின் மேலேயே நின்றது. அவள் மெல்லத் தலையைத் தூக்கிச் சமையலறை வாசலைப் பார்த்தாள்.

“ஆமாம்மா, அது துரைக்குச் சொன்னதில்லை, எனக்குச் சொன்னது,” என்றார் மனைவி. “முப்பது வருஷமா அதைக் கேட்டுட்டுத்தான் நானும் சாப்பிடறேன்.”