தாவணி வழி

"நாப்பத்தஞ்சு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தவளுக்கு இன்னைக்கு என்னடி…"

"இன்னைக்குத்தான் ஒருத்தி ஆஸ்பத்திரியில கெடக்கா."

"விழாம ஏறினவங்க எத்தனை பேருன்னு…"

"எஸ்தர், மெதுவாப் பேசு."

"நீ மெதுவாப் பேசுடி. லிஃப்ட்லேருந்து கத்திக்கிட்டு வர்றது நீ."

உண்மைதான். கத்திக்கொண்டு வந்தது குமுதவல்லிதான். தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து, சாத்துக்குடிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

உள்ளே நிறைமதி. இருபத்து நான்கு வயது. கணுக்காலில் கம்பி வைத்திருக்கிறது. நேற்றுக் காலை, செஞ்சிப் பக்கத்துப் பாறை ஒன்றில், உச்சிக்கு இருபதடி கீழே கை நழுவியது. கயிறு இழுத்துப் பிடிப்பதற்குள் ஒரு திட்டில் மோதிவிட்டாள்.

அந்தப் பாறையில் அவள் ஏறிய வழிக்குத் 'தாவணி' என்று பேர்.

குமுதவல்லியும் எஸ்தரும் காலேஜில் படிக்கும்போது முதன்முதலாக ஏறிய வழி. அண்ணன்மாரின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். வீட்டுக்குப் போகுமுன் மாற்றிக்கொள்ள எஸ்தர் பையில் வைத்திருந்த தாவணியைப் பாறை இடுக்கில் சிக்கியிருந்த கல்லில் சுற்றிக் கட்டி, அதில் கயிற்றை மாட்டினார்கள். வேறு ஒன்றும் இல்லை கையில்.

இன்றைக்கும் அந்த வழியில் கயிறு மாட்ட ஓர் ஆணி கிடையாது. முன்னால் போகிறவர் விரிசலில் தாமே ஆப்பு செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வருகிறவர் அதைக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். பாறை, ஆள் வந்த சுவடே இல்லாமல் கிடக்கும்.

அதற்காகத்தான் பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் வருகிறார்கள். தை மாத ஞாயிறுகளில் அடிவாரத்தில் வரிசையே நிற்கும்.

கடைசி இருபதடியில் விரிசல் மூடிக்கொள்ளும். ஆப்பு செருக இடமில்லை. அங்கே ஓர் ஆணி அடித்துவிடலாமா என்று நேற்று மாலை பாறையேறும் குழுவிலிருந்து கேட்டார்கள். முதலில் ஏறினவர்கள் சரியென்று சொல்லாமல் எந்த வழியிலும் அடிக்க மாட்டார்கள். அது கட்டுப்பாடு.

"அடிக்கச் சொல்லிடறேன். ஏன்னும் சொல்லிடறேன்," என்றாள் குமுதவல்லி.

அந்த ஏன்தான் வழக்கு.

முதன்முதல் ஏறிய அன்றைக்கு முன்னால் போனவள் அவள். விரிசல் மூடிய இடத்தில் அடுத்த கைக்குப் பிடி தெரியவில்லை. அரை மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இடப்பக்கம், ஆடு போகிற தடத்தில் தவழ்ந்து, சுற்றிக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். எஸ்தரும் பின்னாலேயே.

குழுவின் நோட்டில் எழுதியதும் அவள்தான். குண்டு குண்டான கையெழுத்தில்.

'நேராக உச்சி வரை.'

மூன்று சொல்.

அதை நம்பி வந்தவர்கள் நேராகவே போனார்கள்.

போகவும் முடிந்தது.

"நானூறு பேர் ஏறியாச்சுடி." எஸ்தர் குரலைத் தாழ்த்தினாள். "நீ எழுதின பொய்யை அவங்க நெசமாக்கிட்டாங்க. இப்பப் போயி நாங்க ஏறலைன்னு சொன்னா யாருக்கு என்ன? உன் நெஞ்சு ஆறும். அவ்வளவுதான்."

"அவ காலு?"

"காலு சேந்துடும். நம்மளைப் பாத்துத்தானே ஏற வந்தா. அதையும் ஒடைக்கணுமா?"

குமுதவல்லிக்கு அடைதான் நினைவுக்கு வந்தது.

போன மாதம் நிறைமதி வீட்டுக்கு வந்திருந்தாள். கடைசி இடத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். தட்டில் இன்னோர் அடையைப் போட்டுவிட்டு, குமுதவல்லி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தாவணிக்காரிங்க நாங்களே ஏறியிருக்கோம், ஒனக்கென்னடி."

அந்தப் பெண் அன்றைக்கு நாலு அடை சாப்பிட்டாள்.

குமுதவல்லி எழுந்து உள்ளே போனாள். எஸ்தர் வாசலோடு நின்றுவிட்டாள்.

நிறைமதியின் விரல் நுனிகளில் தோல் இல்லை. அந்தக் கையாலேயே கும்பிட்டாள்.

குமுதவல்லி கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை எடுத்தாள். உரித்து முடித்ததும் சொல்லிவிடுவது.

உரித்தாள்.

நாரை எடுத்தாள்.

கொட்டையையும் எடுத்தாள்.

ஒரு சுளையைப் பெண்ணின் வாயில் வைத்தாள். இனி கையில் வேலை இல்லை.

"நிறைமதி, ஒண்ணு சொல்லணும்மா."

"நானும் ஒண்ணு கேக்கணும்."

தலையணைக்கு அடியிலிருந்து எக்ஸ்ரே உறையை இழுத்தாள். அதன் முதுகில் பேனாவால் பாறையை வரைந்திருந்தாள். திட்டு, இடுக்கு, தாவணி கட்டிய கல், எல்லாம் இருந்தது. விரிசல் கோடு ஏறி ஏறிப் போய் ஓர் இடத்தில் நின்றது. அதற்கு மேல் வெறும் காகிதம்.

இடப்பக்கத்தில் ஆட்டுத் தடத்தையும் ஒரு மெல்லிய கோடாக வரைந்திருந்தாள்.

பேனாவைக் குமுதவல்லியின் கையில் வைத்தாள்.

"ஆணி கீணி அடிக்க விட்டுடாதீங்கம்மா. காலு சரியானதும் நான் மறுபடி போவேன். விரிசல் மூடினதுக்கு அப்புறம், நீங்க எந்தக் கையை மொதல்ல வெச்சீங்க?"