அளவு ரத்தம்

"பொய் சொல்ற மெஷினை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடுவேன்?"

மாடி ஏறி வந்த மூச்சிரைப்பு அடங்காமலே கேட்டார் லேப் டெக்னீஷியன். கருவிப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் முதுகு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள் மெக்கானிக்.

"பொய்னு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?"

"தினமும் காலையில மெஷினைப் போட்டதும், அது சரியாக் காட்டுதான்னு பாக்க முதல்ல என் அளவு ரத்தத்தை ஓட்டுவேன். ஹீமோகுளோபின் பதினாலு காட்டணும். ஒன்பது வருஷமா கல்லுல வெட்டின மாதிரி பதினாலு. மூணு மாசத்துக்கு முன்னாடி பதிமூணுன்னுச்சு. அப்புறம் பன்னெண்டு. இன்னிக்குப் பத்தரை!"

வரவேற்பறைப் பெண்மணி கதவிடுக்கில் தலையை நீட்டினாள்.

"டாக்டரம்மா கேக்கறாங்க. சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா லேபையே மூடிட்டு, ரத்தத்தையெல்லாம் வெளியில அனுப்பப் போறாங்களாம். அப்புறம் நாம ரெண்டு பேரும் வீட்டுல மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கலாம். அண்ணே, அந்த ஐஸ் கட்டி மெல்றதையாவது நிறுத்துங்க. கல் உடைக்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது!"

"வேற வேலை இல்லை உனக்கு" என்று டம்ளரை மேசைக்கடியில் தள்ளினார் அவர். இப்போதெல்லாம் ஐஸ் இல்லாமல் அவருக்கு இருப்பே கொள்வதில்லை.

மெக்கானிக் சிரித்தாள். "முதல்ல பால்காரர் வேலை நடக்குதான்னு பாத்துடுவோம். மெஷின் ரத்தத்துல அளவாத் தண்ணி கலந்துதான் எண்ணும். தண்ணி கூடிப்போனா எல்லாம் குறைச்சலாத் தெரியும்."

அளந்து பார்த்தாள். தண்ணீர் சரியாக இருந்தது. குழாய்களைக் கழுவினாள். மெஷினுக்குள் இருக்கும் விளக்கைச் சோதித்தாள். கடைசியில் தன் விரலையே குத்தி ஒரு சொட்டு விட்டாள். திரையில் பன்னிரண்டு புள்ளி ஆறு.

"போன வாரம் எங்க ஆபீஸ் மெஷின்லயும் எனக்கு இதேதான். மெஷின் நல்லாத்தாண்ணே பேசுது."

டெக்னீஷியன் நம்பவில்லை. அளவு ரத்தத்தை மறுபடி ஓட்டினார். பத்தரை.

மெக்கானிக் அந்த எண்ணை விட்டுவிட்டு, கீழே இருந்த வரியில் விரல் வைத்தாள். "இதைப் பாத்தீங்களா? சிவப்பணுவோட பருமன். தொண்ணூறு இருக்கவேண்டிய இடத்துல எழுபது."

"நான் பதினாலை மட்டும்தாம்மா பாப்பேன்."

"உள்ள ஊசிமுனை மாதிரி ஒரு ஓட்டை இருக்கு. அணு ஒண்ணொண்ணா அது வழியா நுழையும்போது கரண்ட் லேசாக் குதிக்கும். பெரிய அணுன்னா பெரிய குதி. சின்னதுன்னா சின்னக் குதி. அதை வச்சுத்தான் பருமன். வாளியில தண்ணியைக் கூட்டினா உள்ள கிடக்கிற கோலிக்குண்டு சின்னதாயிடுமா?"

"ஆகாது."

"அப்போ இது மெஷின் கோளாறு இல்லை. அந்த ரத்தத்துலயே இரும்புச்சத்து இல்லை. மாவு குறைஞ்ச வீட்டுல ரொட்டி சின்னதாகிற மாதிரி, இரும்பு குறைஞ்சா அணுவும் சின்னதாத்தான் வரும். ஆனா அளவு பாக்கறதுக்குன்னு கம்பெனி அனுப்புற ரத்தம் இப்படி இருக்காதே..."

குளிர்பெட்டியைத் திறந்தாள். கம்பெனி பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் சீல் உடையவில்லை.

"அண்ணே! இதைத் தொடவே இல்லையா? அப்போ நீங்க ஓட்டறது?"

"அது மாசத்துக்கொரு தரம் கெட்டுப்போகும்மா. தெரிஞ்ச ஆளோட ரத்தம்னா தினமும் புதுசு." அவர் குரல் இறங்கியது. "அளவுகோல் சுருங்கும்னு யாரு நினைப்பா?"

"ஆளு பொம்பளையா?"

"ஆம்பளை. ஐம்பத்தி நாலு வயசு."

மெக்கானிக் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"அவருக்கு ரத்தம் எதுவும் போகுதா?"

"கண்ணுக்குத் தெரிஞ்சு இல்லை."

"எங்க மாமனாரும் இதையேதான் சொன்னார். குடல்ல சின்னதா ஒரு கட்டி. சொட்டுச் சொட்டாக் கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, வெளியில ஒண்ணும் தெரியலை. சோகைன்னு ஒரு வருஷம் இரும்பு மாத்திரை மட்டும் முழுங்கினார். ஓட்டைத் தொட்டியில தண்ணி ஊத்தின கதை. கடைசியில குடலைப் பாக்கும்போது ஈரல் வரைக்கும் பரவியிருந்தது. ஆரம்பத்துலயே பாத்திருந்தா அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்திருக்கலாமாம். கட்டியாத்தான் இருக்கணும்னு இல்லைண்ணே, புண்ணாக்கூட இருக்கலாம். ஆனா இந்த வயசு ஆம்பளைக்குக் காரணமில்லாம இரும்பு குறைஞ்சா, எங்க கசியுதுன்னு பாக்காம விடக்கூடாது."

டம்ளரில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

அவள் வேலைச் சீட்டை எடுத்தாள். 'பழுது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். 'தீர்வு' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"யாருண்ணே அந்த ஆளு? நீங்க தயங்கினா நானே பேசறேன். பயமுறுத்தாம பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

"நீ ஏற்கெனவே பக்குவமாத்தாம்மா சொல்லிட்டே. இரும்பு குறைஞ்சா ஐஸ் மெல்லத் தோணும்னு எனக்குத்தான் உறைக்கலை."

டெக்னீஷியன் வெள்ளைக் கோட்டின் கையை மேலே சுருட்டினார். முழங்கை மடிப்பில், காலையில் ஒட்டிய பஞ்சு அப்படியே இருந்தது.

"எழுதிக்கோ: மெஷின் சரியா இருக்கு, லேப் ஓடும். குடலுக்குள்ள கேமரா விட்டுப் பாக்க, டாக்டரம்மாகிட்ட சீட்டு வாங்கிக்கிட்டு நான் நாளைக்கே போறேன்."