அவரைத்தோல் ரயில்

மார்கழிக் குளிரில் விளக்கு வைத்ததும் அப்பா, அம்மா, நான் மூவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்குவோம். அப்பா தோல்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எனக்கு நீளமாய் ஒரு ரயில் செய்து தருவார். விரலில் ஏறிய அவரை வாசம் மறுநாளும் போகாது.

அப்பா வேலை செய்த தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த வருஷம், ஷாஃப்ட் குழியில் இறங்கிய அவர் மேலே வரவில்லை. அடுத்த மார்கழியில் அம்மாவும் நானும்தான் பிதுக்கினோம். முடித்து எழுந்தபோது, அப்பா உட்காரும் சுவரோரம் ஒரு தோல் ரயில் கிடந்தது. மறுநாள் அம்மா ஒரு கைப்பிடி கூடுதலாக ஊறவைத்தாள்.

பிறகு சுரங்கக் கம்பெனியின் கோரமண்டல் லயன் வீட்டைக் காலி செய்துவிட்டு ராபர்ட்சன்பேட்டைக்கு வந்தோம். இங்கே அந்தக் கூடுதல் கைப்பிடி விடியும்வரை யாரும் பிதுக்காமல் அப்படியே கிடந்தது. அதைச் சமைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை.

பழைய வீட்டில் குடியேறியிருந்த வெங்கடம்மா ஒருநாள் மத்தியானம் தேடிக்கொண்டு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தோல் ரயிலைக் காட்டினாள்.

“இன்னாக்கா இது? தெனம் செவுத்தோரமா கெடக்குது. நாங்க இந்த வருசம் அவரையே வாங்கல.”

“புது வூடு அவருக்குத் தெரியாதில்ல” என்றாள் அம்மா. ஊறிக்கொண்டிருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு அவளோடு போனாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பினாள். சட்டி நிறையப் பிதுக்கிய பருப்பு இருந்தது. வெளியே நல்ல குளிர். என் கன்னங்களை இரண்டு கைகளாலும் பொத்தினாள். அந்தக் கைகளில் அவரை வாசமே இல்லை.