வலப்பக்க விளக்கு

முதன்முதலாக எழுதத் துணிந்துள்ளேன். குறையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

வாடகைக் கார் ஓட்டும் கோவிந்தன் மறுபடியும் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்தான். திங்களன்று அம்பத்தூர்த் தொழிற்சாலை ஒன்றில் வண்டியைச் சோதிப்பார்கள். விளக்கு மங்கலாயிருந்தால் இரவுப்பணிச் சவாரி கைநழுவிவிடும். மெக்கானிக் கலீல் மெருகேற்றித் தந்த இரண்டு விளக்குகளில், வலப்பக்கத்தின் பிளாஸ்டிக் மூடி மட்டும் மூன்றாம் முறையாக மங்கியிருந்தது.

"எல்லாம் என் பொண்டாட்டி முனியம்மா வேல, பாய். வெள்ளிக்கிழமையானா சந்தனம் பூசுறா. கேட்டா இல்லன்றா. திட்டுனேன், அம்மா ஊட்டுக்குப் பூட்டா."

கலீல் மறுபடியும் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினார். "தண்ணி ஊத்தி ஈரத் துணிலதான் தொடைக்கணும், அண்ணாத்தே. தூளு கீளு பட்டா கீறிக்கும். சரி, வண்டிய எடு."

கோவிந்தன் வழக்கம்போல் சட்டைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தான். வலப்பக்க விளக்கில் மூன்று விரலால் பட்டையிட்டுக் கும்பிட்டான். பின்னர், வெளிச்சத்தை மறைக்கக் கூடாதென்று தோள் துண்டால் அழுத்தித் துடைத்தான்.

"இத்த தெனமும் பண்றியா?"

"பின்ன? சாமி கும்புடாம வண்டிய எப்டி..." என்றவன், வெளுத்திருந்த துண்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"பட்டைய பம்பர்ல போடு, சாமி கோச்சிக்காது," என்றார் கலீல். "மொதல்ல அந்தம்மாவ இட்டுகினு வா."

அன்றே மாமியார் ஊரான வெள்ளானூர் சென்று முனியம்மாவை அழைத்துவந்தான். திங்களன்று சவாரியும் நிலைத்தது. இழந்தவை, மூன்று முறை ஏற்றிய மெருகும் பதினோரு நாள் வீட்டுச் சாப்பாடும்.